நாலு கம்பி நாமம்

மலாக்கா ஆற்றோரம் நிற்கிற அந்தப் பெரிய மரக்கப்பலைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. 'ஃப்ளோர் டெ லா மார்' என்ற போர்த்துகீசியக் கப்பலின் நகல். அசல் கப்பல், 1511இல் இந்த ஊரில் அடித்த கொள்ளையை ஏற்றிக்கொண்டு போன வழியிலேயே சுமத்ராவுக்கு அருகில் மூழ்கிப்போனது. ஓட்டைக் கப்பல் என்று தெரிந்தேதான் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் அதில் ஏறினான். நகல் மூழ்கவில்லை. நிலத்தில் ஊன்றி நிற்கிறது, டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். நாலு எட்டு நடந்தால் சுல்தான் அரண்மனையின் நகல், 1980களில் கட்டியது. கோட்டையில் அசலாக மிஞ்சியது ஒரு வாசல்தான். மற்றதை 1807இல் வெள்ளைக்காரன் இடிக்கத் தொடங்கினான். ஆக, நகல் காட்டிப் பிழைக்கிற ஊர் எங்கள் ஊர். நகல் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிற தகுதி எனக்கில்லை.

ஆனால் அந்தக் கப்பலைக் கடலில் இறக்கி, ஆள் ஏற்றி, சுமத்ராவின் டுமாய்க்கு அனுப்ப யாரும் துணிந்ததில்லை. அது காட்சிக்கு என்று கட்டியவனுக்கும் தெரியும், பார்க்க வருகிறவனுக்கும் தெரியும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பத்தாங் மலாக்கா பக்கத்துப் பையன்களின் தோளில் தொங்குகிற நகல் பேஸ் கித்தார்கள் விஷயத்தில் இந்தக் குறைந்தபட்ச நாணயம்கூட இல்லை. மிதக்காத கப்பலை மிதக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கியவன் நடுக்கடலில் முழுகும்போது, நீந்தத் தெரியவில்லை என்று அவனையே திட்டுகிறார்கள்.

பேஸ் கித்தார் என்றால் நம்மில் பலருக்கு 'அந்த நாலு கம்பி கித்தார்'. கல்யாண மண்டபத்து மேடையில் பாடகருக்கு ஒரு வெளிச்சம், கீபோர்டுக்கு ஒரு வெளிச்சம், டிரம்ஸுக்கு ஒரு வெளிச்சம் போட்டுவிட்டு, மிச்ச இருட்டில் நிற்க வைப்பார்களே, அவன் கையில் இருப்பது. அவன் வாசிக்கிறானா இல்லையா என்று பந்தியில் இருப்பவருக்குத் தெரியாது. அவன் நிறுத்தினால் மட்டும் தெரியும். பாட்டுக்கு அடியில் இருந்த தரை போய்விடும். எண்பதுகளின் இளையராஜா பாட்டு எதையாவது போட்டு, சசிதரனின் பேஸை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பாடகர் ஒரு பாட்டுப் பாடுவார், அடியில் இன்னொரு முழுப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தோட்டத்துத் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அதைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. குழாய் அந்தக் கனத்தையெல்லாம் விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குக் கொடுத்தது என்பது வேறு கதை.

இந்தக் கருவி பிறந்த கதையிலேயே ஒரு செவிட்டறை இருக்கிறது. 1951இல் லியோ ஃபெண்டர் என்ற கலிபோர்னியாக்காரர் செய்து விற்றது. ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்த்தவர். கித்தார் வாசிக்கவே தெரியாது. ஆள் உயரப் பெரிய பேஸைத் தூக்கிச் சுமந்த இசைக்காரர்களுக்காக அவர் செய்தது ஒரு பலகை, அதில் திருகாணி போட்டு இறுக்கிய ஒரு நெக், நாலு கம்பி. தேக்கும் தந்தமும் இல்லை, இழைப்பு வேலைப்பாடும் இல்லை. கைவினைஞன் பார்த்தால் சிரிப்பான். ஆனால் நெக்கின் குறுக்கே ஃபிரெட் என்ற உலோகப் பட்டிகளை வைத்ததால் விரலை எங்கே வைத்தாலும் சுரம் சுத்தமாக நிற்கும். அதனால்தான் அதற்கு 'பிரசிஷன்', துல்லியம், என்று பெயர் வைத்தார். அதாவது, உலகம் கும்பிடுகிற இந்த அசலே தொழிற்சாலையில் எளிமையாகச் செய்த சாமான்தான். பணத்தைக் கொட்டாமல் அளவைச் சரியாகப் போட்டார், அவ்வளவுதான். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. ஜெர்மனியின் ஹாஃப்னர் வயலின் வடிவத்தில் ஒன்று செய்ய, பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி அதை ஹாம்பர்க்கில் வாங்கினார். 1963இல் கிப்சனின் தண்டர்பேர்ட். நகலெடுப்பவர்கள் இன்றைக்கும் அடித்துப் பிடித்துக்கொண்டு எடுப்பது இந்த நாலைத்தான்.

எப்படி எடுக்கிறார்கள்? போட்டோவைப் பார்த்து எடுக்கிறார்கள் என்று சத்தியம் செய்வேன்.

ஜாசின் பக்கத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்த பிரசிஷன் நகல் ஒன்றை மேசையில் போட்டுப் பிரித்தோம். மேலே மெருகு, முகம் பார்த்துத் தலை வாரலாம். முகப்புத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே பூச்சு இல்லாத ஒட்டுப்பலகை, அடுக்கு அடுக்காகப் பிரிந்து, குடைந்தபோது விழுந்த மரத்தூள்கூடத் தட்டப்படாமல். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வந்த கம்பி ஈயப் பற்று விட்டு ஆடிக்கொண்டிருந்தது. மின் இரைச்சலைத் தடுக்க உள்ளே பூசும் கரும்பூச்சோ ஒட்டும் செம்புத் தகடோ எதுவும் இல்லை. பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் கம்பி ஒன்று உண்டு. அதைப் பிரிட்ஜுக்கு அடியில் கொடுக்க மறந்து, குழிக்குள்ளேயே சுருட்டி விட்டிருந்தார்கள். அதனால் மண்டபத்தில் விளக்கைப் போட்டதும் ஆம்ப் ரீங்காரம் பாடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் கீழ் ஜி 49. ஆக, பையன் ஒரு கம்பியையும் தொடாதபோதே, ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே, சுதி சேராமல், மின்சாரமே பேஸ் வாசிக்கிறது. 1957இல் ஃபெண்டர் பிக்கப்பை இரண்டாக வெட்டி, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, இந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும்படி செய்தாரே, அதே இரட்டைப் பிக்கப்பின் வடிவம் இதிலும் இருந்தது. மூடி அச்சு அசல். உள்ளே என்ன சுற்றியிருந்தார்கள், எந்தப் பக்கம் சுற்றியிருந்தார்கள் என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஈயம் வைத்தால் சரியாகிவிடும். அளவு நாடாவை எடுத்தோம். பேஸ் கம்பியின் முழு நீளம் 34 அங்குலம், 864 மில்லிமீட்டர். நெக்கின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் வரை 432 இருந்தால், அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம் வரை அதே 432, தடித்த கம்பிக்கு இன்னும் சில மில்லிமீட்டர் கூடுதல். நம் கையில் இருந்ததில் முதல் பாதி 432. மறு பாதி 424. பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ள ஒரு திருகாணி உண்டு. அது ஏற்கெனவே கடைசி மரை வரை போய் முட்டி நின்றது. அதற்கு மேல் இடமில்லை. பிரிட்ஜை இறுக்கிய துளைகளே தப்பான இடத்தில் போட்டவை. திறந்த கம்பியைச் சுத்தமாகச் சுதி கூட்டினால், மேலே போகப் போக ஒவ்வொரு சுரமும் ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டாவதில் சுதி கூட்டினால் திறந்த கம்பி கீழே தொங்கும். பக்கத்தில் கீபோர்டுக்காரன் கணினி வைத்த சுரத்தில் வாசிப்பான். இவன் எங்கே கை வைத்தாலும் அவனோடு சேராது.

இதற்கு அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்குக் காது சரியில்லன்னு நெனச்சேன் அங்கிள்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆயிரம் வருஷமாக ஆடுகிறவளைக் கேலி செய்து பழகிவிட்டோம். ஒரு தடவையாவது யாராவது நூல் பிடித்துக் கூடத்தை அளந்தோமா? இங்கே கூடம் எட்டு மில்லிமீட்டர் கோணல்.

"ஐந்நூறு வெள்ளிக்கு வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்று உடனே ஒரு பெரிய மனுஷர் கேட்பார். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரே ஒரு பதில். ஐயா, துளையைத் தப்பான இடத்தில் போடவும் ஒரு துளைப்பான்தான் வேண்டும், சரியான இடத்தில் போடவும் அதே துளைப்பான்தான். மின்சாரச் செலவு ஒன்று. கூலி ஒன்று. ஆணி ஒன்று. எட்டு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் ஒரு காசு அதிகம் ஆகியிருக்காது. மலிவான மரம் போட்டார்களா, சரி. மெல்லிய பூச்சா, சரி. சாவி கொஞ்சம் இறுக்கமா, எண்ணெய் விட்டுக்கொள்கிறோம். அதெல்லாம் ஏழ்மை, நமக்குப் பழக்கம். தப்பான துளை ஏழ்மை இல்லை, அலட்சியம். 'இதை வாங்கப் போகிறவனுக்குச் சுரம் தெரியாது' என்று எங்கோ ஒரு வரைபட மேசையில் ஒருவன் முடிவு செய்து கையெழுத்துப் போட்டதன் அடையாளம் அந்தத் துளை.

மலிவாகவும் ஒழுங்காகவும் செய்ய முடியாதா என்றால், செய்து காட்டியிருக்கிறார்கள். எழுபதுகளில் ஜப்பான்காரன் அமெரிக்கக் கித்தார்களை அச்சாக நகலெடுத்து, பாதி விலைக்கு விற்று, தரத்தில் அசலையே வெட்கப்பட வைத்தான். வயிறு எரிந்து 1977இல் கிப்சனின் தாய்க் கம்பெனி வழக்குப் போட்டது. ஃபெண்டரோ கெட்டிக்காரத்தனமாக, நகலெடுத்த ஜப்பான்காரனிடமே போய் 1982இல் ஸ்குவயர் என்ற பெயரில் தனக்குச் செய்து தரச் சொன்னது. இன்றைக்கு நீரிணைக்கு அப்பால் இந்தோனேசியாவில், சுராபாயாவில் கோர்ட்டும், அதே நாட்டில் தன் ஆலையில் யமஹாவும் செய்கிற சாதாரண விலைப் பேஸ்களில் துளை சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஏழைக்குச் சுத்தமான சுரம் கொடுப்பது அப்படி ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

நகலெடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் மகா துல்லியமானவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபெண்டரின் உடல் வடிவம் ஊருக்கே பொதுவாகிவிட்டது, அதை வணிகச் சின்னமாகப் பதிய முடியாது என்று 2009இல் அமெரிக்கச் சின்ன வாரியம் சொல்லிவிட்டது. தலை வடிவம் மட்டும் இன்னும் கம்பெனிக்குச் சொந்தம். எனவே நம் நகல்களில் உடல் அச்சு அசலாக இருக்கும். தலையை மட்டும் எலி கடித்ததுபோல எதையாவது கிறுக்கி வெட்டியிருப்பார்கள். வக்கீல் நோட்டீஸ் வரக்கூடிய இடத்தில் மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கத் தெரிகிறது. கம்பி உட்காரும் இடத்தில்தான் தெரியவில்லை. வக்கீலுக்குப் பயம், வாசிப்பவனுக்குப் பயமில்லை!

தண்டர்பேர்டின் நகல் இன்னும் கேவலம். அசலை வரைந்தது ரே டீட்ரிச் என்ற கார் வடிவமைப்பாளர். பார்க்கப் பறக்கிற மாதிரி இருக்கும், ஆனால் அசலுக்கே தலை கனம். தோளில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தால் தலை தரையைப் பார்க்கும். நகலெடுத்தவர்கள் அந்தக் குறையைப் பயபக்தியோடு காப்பாற்றி, உடலை இன்னும் லேசான மரத்தில் செய்து, சாவிகளை இன்னும் கனமான இரும்பில் போட்டு, வார் மாட்டும் குமிழைப் பின்னால் நெக் அடியில் ஒளித்து வைத்துவிட்டார்கள். பையன் இடது கையால் சுரம் பிடிக்க வேண்டும்; அவன் பாட்டு முழுக்கத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு பாட்டுக்குள் மணிக்கட்டு வலி. இதில் அசலின் நல்லதை விட்டுவிட்டு, கெட்டதை மட்டும் பொறுக்கி எடுத்து வளர்த்த திறமை இருக்கிறதே, அதற்குத் தனியாக டத்தோ பட்டமே கொடுக்கலாம்.

பட்டம் என்றதும் நினைவு வருகிறது. இந்தச் சாமான்கள் தோட்டத்துக்கு எப்படி வருகின்றன? பாதி, பையன்கள் கைப்பேசியில் படம் பார்த்து வாங்குவது. மீதி, நம் பெரிய மனிதர்கள் கொடுப்பது. தேர்தல் வாடை அடிக்கும்போது ஏதாவது ஓர் இளைஞர் மன்றத்துக்கு இசைக்கருவி வழங்கும் விழா நடக்கும். தாமான் மண்டபத்தில் மேசை விரிப்பு, பன்னீர்ச் சொம்பு, இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு மாதிரிக் காசோலை. ஒய்பி, அதாவது நம் மக்கள் பிரதிநிதி, ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். பேஸைப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுப்பார்கள். அதை அவர் மீன் சந்தையில் பெரிய மீனைத் தூக்கிப் பிடிப்பது மாதிரி குறுக்கே பிடித்துக்கொண்டு சிரிப்பார். கம்பியின் மேல் இன்னும் பிளாஸ்டிக் உறை. பத்துக் கைப்பேசிகள் படம் எடுக்கும். 'நம் இளைஞர்கள் தீய வழியில் போகாமல் இசையால் உயர வேண்டும்' என்று ஒரு பேச்சு. பிறகு கோழிக் குழம்பு. அந்தப் பேஸை யாராவது ஒருவர் அங்கேயே ஒரு தடவை மீட்டிப் பார்த்தார்களா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். இது தானமே இல்லை, நம் வரிப்பணம். மாடும் நம்முடையது, பல்லும் நம்முடையது.

ஆறு மாதம் கழித்து அதே மன்றத்துக்குப் போனால் பேஸ் ஒரு மூலையில், நெக் வில்லாக வளைந்து, கம்பி துருப்பிடித்துக் கிடக்கும். நாலு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை ஏறத்தாழ 80 கிலோ. சரியாகக் காயாத மரம், நம் ஊர் ஈரக் காற்று, வளையாமல் என்ன செய்யும். ஆனால் மன்றத் தலைவர் சொல்லும் காரணம் வேறு. "வாங்கிக் கொடுத்தோம்ங்க. நம்ம பசங்களுக்கு ஆர்வம் பத்தாது." அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒய்பியும் இதையே மைக்கில் சொல்வார். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. குப்பையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அது குப்பையாய்ப் போனதற்கு வாங்கியவன் குணத்தைக் காரணம் காட்டி, அடுத்த தடவை இன்னும் மட்டமானதைக் கொடுக்க அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கு புதிதில்லை. 1896இல் டான் சே யான் என்ற மலாக்கா வியாபாரி இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று நட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிதாக. அந்த நாளிலிருந்து தோட்டத்து ஆளுக்கு என்ன கொடுத்தாலும் 'இவர்களுக்கு இது போதும்' என்ற ஒரே அளவுகோல்தான். ஒற்றை அறை லயத்து வீடு போதும். ஒரே கூரைக்கடியில் ஆறு வகுப்பும் நடக்கிற பள்ளிக்கூடம் போதும். ஆனால் தோட்டத்து ஆளிடம் கேட்ட வேலையில் மட்டும் 'போதும்' என்ற பேச்சே கிடையாது. பால் வெட்டுகிறவர் விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்தின் பட்டையில் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் அதிகமாகக் கத்தி இறங்கினால் மரத்தில் காயம். கங்காணி வாயில் வந்ததெல்லாம் ஏச்சு, சம்பளத்திலும் கை வைப்பார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம், இருட்டில், கொசுக்கடியில், மில்லிமீட்டர் பிசகாமல். அந்தக் கையின் பேரனுக்கு, மின் விளக்கு எரிகிற தொழிற்சாலையில், இயந்திரம் வைத்து, எட்டு மில்லிமீட்டர் பிசகிச் செய்த சாமான். கேட்டால் பேரனுக்கு ஆர்வம் பத்தாதாம்!

அந்தப் பால் மரம் ஓய்ந்ததும் வெட்டிச் சாய்த்து, மூவாரில் மேசை நாற்காலி செய்கிறார்கள். மெர்லிமாவிலிருந்து மோட்டாரில் போய்விட்டு வரலாம். அந்த நாற்காலிக் கால்கள் நாலும் ஒரே உயரம். கப்பல் ஏறிக் கடல் தாண்டிப் போகிறவை ஆயிற்றே, ஆடினால் அங்கே இருப்பவன் திருப்பி அனுப்பிவிடுவான்.

நாம் திருப்பி அனுப்புவதில்லை. அரசாங்கம் தன் பங்கைக் குறைவில்லாமல் செய்கிறது: 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. கோணலான துளைக்கும் சேர்த்தே வரி கட்டுகிறோம். ஃபோன் சார்ஜருக்கு சிரிம் தர முத்திரை கேட்கிற நாட்டில், சுரம் தப்பாத கித்தாருக்கு முத்திரை கேட்க ஆளில்லை. கேட்கவும் வேண்டாம், அதற்கொரு இலாகா வைத்து அதற்கொரு துணையமைச்சர் போடுவார்கள். இருக்கிற வழியே போதும். பயனீட்டாளர் தீர்ப்பாயம் என்று ஒன்று 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டி மனுப் போடலாம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். உள்நாட்டுக் கடையில் வாங்கிய பேஸுக்கு இது பொருந்தும். நம் ஆட்கள் போகமாட்டார்கள். "ஐந்நூறு வெள்ளிச் சாமானுக்கு யாருப்பா அலையிறது" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

அந்தக் காலத்தில் சீனத்துக் கபோக் கித்தார் வந்தது. கம்பி ஃபிரெட்டிலிருந்து விரற்கடை உயரத்தில் நிற்கும். விரல் நுனி தோல் உரியும். தோட்டத்து அண்ணன்மார் எல்லாரும் அதில்தான் பழகினார்கள், கொஞ்சம் தேறியதும் நல்லது ஒன்று வரும் என்று காத்திருந்தார்கள். இலவு காத்த கிளிகள். அவர்கள் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்றுதான் ஒரு சின்ன வேலை ஆரம்பித்திருக்கிறேன். யார் பேஸ் வாங்கப் போவதாகச் சொன்னாலும் தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு கூடவே போகிறேன். நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட், அங்கிருந்து பிரிட்ஜ். தோளில் மாட்டிக் கையை விட்டுப் பார்ப்பது. ஆம்பில் செருகி, ஒரு கம்பியும் தொடாமல் காது கொடுத்துக் கேட்பது. அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேலை.

போன தடவை மலாக்கா டவுனில் ஒரு கடை. வரிசையாக மாட்டியிருந்ததில் ஒவ்வொன்றாக இறக்கி அளந்தேன். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு கைகட்டி நின்றார், பிறகு பக்கத்தில் வந்தார். "என்னண்ணே, வீட்டுக்கு ஜன்னல் திரையா தைக்கப் போறீங்க?" என்றார். தம்பி வாசிக்க வேண்டும், அதனால்தான் அளக்கிறேன் என்றேன். மனுஷர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுப்போனார்.

"ஓ, வாசிக்கிறதுக்கா? அத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே!" என்று அத்தனையையும் திரும்ப மாட்டிவிட்டு, பின்கட்டிலிருந்து வேறொன்றை எடுத்து வந்தார்.